டேப் அக்கா அளந்தால் அளந்ததுதான்

ஓசூரில் டேப் அக்கா அளக்காமல் விட்டது வானம் ஒன்றைத்தான். அதுவும் டேப் எட்டவில்லை என்பதால்.

வீடு, கோயில், சுற்றுலா மூன்றையும் கலந்து போடும் ஒரு மாத இதழில் அப்போது நான் எழுதிக்கொண்டிருந்தேன். ராயக்கோட்டை ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேலே ஆபீஸ். டேப் அக்கா அங்கே பிழை திருத்துபவர். பேரிகையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். சிவில் டிப்ளமோ முடித்து, கட்டட வேலைகளில் சூப்பர்வைசராக இருந்தவர். அங்கிருந்து ஐந்து மீட்டர் ஸ்டீல் டேப் ஒன்றையும், யார் எதை வர்ணித்தாலும் நம்பாத குணத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

ஒற்றுப்பிழையைக்கூட மன்னித்துவிடுவார். வர்ணனையை மன்னிக்க மாட்டார். 'விசாலமான ஹால்' என்று நான் எழுதினால், அந்த வீட்டுக்கே போய் அளந்துவிட்டு வந்து 'பதினொன்றுக்குப் பன்னிரண்டு' என்று மாற்றுவார். ஓரத்தில் சிவப்பு மையால் 'சுள்ளு' என்றும் எழுதிவைப்பார். கன்னடத்தில் பொய் என்று அர்த்தம். பொய் என்று தமிழில் எழுதினால் எனக்கு மனம் நோகுமாம், அதற்காகக் கன்னடம்.

ஒருமுறை, ஓய்வு விடுதி ஒன்றிலிருந்து ஏரி கூப்பிடு தூரத்தில் இருப்பதாக எழுதிவிட்டேன். மறுநாள் என்னை ஏரிக்கரையில் நிற்க வைத்துவிட்டு அவர் விடுதி வாசலுக்குப் போனார். கால் மணி நேரம் கழித்து போன் வந்தது.

"நாலு வாட்டி கூப்பிட்டேன். கேட்டுச்சா தம்பி?"

"இல்லக்கா."

"தொண்டை கட்டிக்கிச்சு எனக்கு. வாட்ச்மேன் வந்து யாரையாச்சும் காணோமான்னு கேக்கறான். இதுவா கூப்பிடு தூரம்?"

இதழில் 'முக்கால் கிலோமீட்டர்' என்று வந்தது. அந்த விடுதிக்காரர் அதன்பிறகு எனக்கு காபிகூடக் கொடுத்ததில்லை.

நானும் தப்பவில்லை. வீட்டில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் ஜாதகத்தோடு அனுப்பும் விவரத்தாளை ஆபீஸ் பிரிண்டரில் எடுத்தேன். உயரம் ஐந்தடி ஏழு அங்குலம் என்று போட்டிருந்தேன். பிரிண்டர் பக்கத்திலேயே அக்கா. தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பீரோ ஓரமாக நிறுத்தி அளந்தார். ஏழு அங்குலத்தை அடித்து 'அஞ்சே முக்கால் அங்குலம்' என்று எழுதினார். ஓரத்தில் வழக்கமான கன்னடம்.

"ஒண்ணே கால் அங்குலம்தானேக்கா!"

"அந்தப் பொண்ணு காலம்பூரா உன்கூட நிக்கணும் தம்பி. அவளுக்குத் தெரியாதா?"

இப்படிச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது.

கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களுக்காக ஒரு பில்டர் பெரிய விடுதி கட்டினார். எங்கள் இதழின் பின் அட்டை விளம்பரம் மாதாமாதம் அவருடையதுதான். கட்டி முடித்ததும் என்னைச் சுற்றிக்காட்டினார். வெள்ளைச் சுவர், செங்கல் ஜாலியின் ஓட்டைகள் வழியே வெயில், அறைக்கு மூன்று கட்டில். இன்னும் யாரும் குடிவரவில்லை. கட்டடங்களை நாங்கள் எப்போதும் அப்படித்தான் படமெடுப்போம், ஆள் வருவதற்கு முன்னால். 'தென்றல் விளையாடும் அறைகள்' என்று எழுதினேன். என் முதல் அட்டைப்படக் கட்டுரை அது. அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லியும்விட்டேன்.

கட்டுரை அச்சுக்குப் போகும் முன் பெண்கள் குடிவந்துவிட்டார்கள். இனி ஆண்களுக்கு உள்ளே அனுமதியில்லை. டேப் அக்காவுக்கு அந்தத் தடை இல்லையே. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்விட்டு, திங்கட்கிழமை வந்து என் மேஜைமேல் தாளை வைத்தார்.

"ரூமுக்கு ஏழு கட்டிலு. ரெண்டு கட்டிலுக்கு நடுவுல ஒரு அடி ஒரு அங்குலம். கால்மாட்டுல ஏறித்தான் படுக்கணும். நானும் படுத்துப் பாத்தேன், கைய நீட்டினா பக்கத்துப் பொண்ணு மூக்குல இடிக்குது. ஷிப்ட் முடிச்சு வந்து தூங்கிகினு இருந்துச்சு பாவம்."

தாளைப் பார்த்தேன். தென்றல்மேல் சிவப்புக் கோடு.

"ஒரு பொண்ணு கேட்டுச்சு, 'அளந்து என்னாத்துக்குக்கா? பெருசு பண்ணப் போறீங்களா?'ன்னு. அது என்னால ஆவாதும்மா, எழுதுவேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

ஆசிரியர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அதற்குள் பில்டரிடமிருந்து அவருக்குப் போன் வந்திருந்தது.

"எழுதினவன் நீ," என்றார் என்னைப் பார்த்து. "அந்தம்மா அளந்தது சரின்னா சொல்லு, கட்டுரையை நிறுத்திடறேன். சரியா, தப்பா?"

அட்டைப்படம் என் கண்முன்னால் வந்தது. வேறெதுவும் வரவில்லை. "டேப் எங்கியாவது மடிஞ்சிருக்கும் சார்," என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "மடியாது தம்பி. ஸ்டீலு," என்றார். அவ்வளவுதான். வெளியே போய்விட்டார்.

தென்றல் விளையாடியது, அட்டையில் படமும் வந்தது. அதன்பிறகு என் கட்டுரைகளில் அக்கா கைவைக்கவில்லை. ஒற்றுப்பிழைகளை மட்டும் திருத்திக் கொடுப்பார். விசாலம், எழில், கூப்பிடு தூரம் எல்லாம் அப்படியே அச்சாயின. ஓரத்தில் ஒரு கன்னடம் வராதா என்று தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பேன். மூன்றாம் மாதம் அக்கா வேலையை விட்டுவிட்டு, பேரிகையிலேயே வீட்டு பிளான் வரைந்துகொடுக்க ஆரம்பித்தார்.

கொஞ்ச நாள் கழித்து பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்றிருந்தேன். கழுத்தில் இதழின் அடையாள அட்டை. கம்பெனி யூனிபார்மில் இருந்த ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"சார், உங்க புக்குலருந்து ஒரு அக்கா டேப் எடுத்துகினு எங்க ரூமுக்கு வந்தாங்க. எழுதறேன்னாங்க. எழுதிட்டாங்களா?"

அவர் எழுதினார், அழித்தது நான்தான் என்று அவளிடம் சொல்லத் தைரியமில்லை. "வரும்மா, அடுத்த மாசம் வரும்," என்றேன்.

ஆபீஸுக்குப் போய், ஒரு திருத்தமும் என் ராஜினாமாவும் எழுதி, ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆசிரியர் முன் வைத்தேன். இரண்டையும் படித்தார். பின் அட்டை விளம்பரம் கைவிட்டுப் போகும் என்று அவருக்குத் தெரியும். போகவும் போயிற்று. ஆனாலும் திருத்தத்தைத்தான் எடுத்தார். கடைசிப் பக்கத்தில் இப்படி வந்தது:

'மகளிர் விடுதியில் தென்றல் விளையாடுவதாக எழுதியது தவறு. அறைக்குக் கட்டில் ஏழு. இடைவெளி ஓர் அடி ஓர் அங்குலம். எங்கள் டேப் அக்கா அளந்தது சரி. தவறு எழுதியவனுடையது.'

இதழை எடுத்துக்கொண்டு பேரிகைக்குப் பஸ் ஏறினேன். சிமென்ட் கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் அக்கா பிளான் வரைந்துகொண்டிருந்தார். இதழை வாங்கிப் படித்தார். டேப்பை எடுத்து அந்தப் பெட்டிச் செய்தியை அளந்தார்.

"ரெண்டே கால் அங்குலம். கண்ணாடி போட்டாத்தான் தெரியும்."

"மன்னிச்சிருங்கக்கா. டேப் மடிஞ்சிருக்கும்னு சொன்னேனே..."

"ஹாஸ்டல்ல ரூமுக்கு ரெண்டு கட்டில எடுத்துட்டாங்களாம். அந்தப் பொண்ணு போன் பண்ணுச்சு. ஞாயித்துக்கெழமை போயி அளக்கணும்," என்றார். மன்னிப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. டீ சொன்னார். பிறகு கேட்டார்: "கல்யாணம் ஆச்சா?"

"இல்லக்கா. எல்லாரும் உயரத்தைத்தான் கேக்கறாங்க."

"எந்திரி. செருப்பக் கழட்டிட்டு நில்லு."

கதவு நிலையோடு முதுகு ஒட்ட நின்றேன். டேப் ஏறும் சத்தம் கேட்டது. தலைமேல் ஸ்கேலை வைத்து, குனிந்து, நிமிர்ந்து, எப்போதையும்விட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

"அஞ்சடி ஏழு."

"அக்கா, அது வந்து..."

"நான் அளந்தா அளந்ததுதான் தம்பி."

டேப்பைச் சுருட்டிக்கொண்டு பிளானுக்குத் திரும்பிவிட்டார். சிவப்புப் பேனா மேஜைமேல்தான் இருந்தது. அதை எடுத்து ஓரத்தில் 'சுள்ளு' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.