பார்மட் போட்ட கல்யாணம்

என் மகளின் கல்யாணத்தை அழித்தவன் நான்தான். (கல்யாணம் நடந்தது. அழிந்தது அதற்கான சாட்சியம்.)

கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, திருத்துறைப்பூண்டியிலிருந்து சம்பந்தி ஒரு ஹார்ட் டிஸ்க்குடன் வந்தார். வீடியோ, போட்டோ எல்லாம் அதற்குள். போட்டோக்காரர் தன்னிடமிருந்ததை அழித்துவிட்டாராம். ஒரு பிரதி எடுத்துக்கொண்டு தாருங்கள் என்றார். கடையில் எடுத்துக்கொள்ளலாமே என்றாள் மனைவி. வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கும்போது கடையா? (எனக்கு முன்பே ஓய்வுபெற்றிருக்க வேண்டிய கம்ப்யூட்டர் அது.)

முன்பக்கத் துளையில் செருகினேன். டிஸ்க் கரகரவென்று பல்லைக் கடித்தது, திறக்கவில்லை. பின்பக்கம் செருக மேசைக்கடியில் தவழ்ந்தேன். வேட்டி நாற்காலியிலேயே தங்கிவிட்டது. சம்பந்தி மரியாதையாக ஜன்னல் வழியே வயலைப் பார்த்தார்.

திரையில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது. பயன்படுத்தும் முன் டிஸ்க்கை பார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாலுகா ஆபீஸில் பார்மட் என்றால் படிவம். உரிய பார்மட்டில் இல்லை என்று எத்தனை பட்டா மனுக்களைத் திருப்பியிருப்பேன்! கடைசியில் விதி தெரிந்த ஓர் இயந்திரம்.

"போட்டோக்காரர் பார்மட்டில் கொடுக்கலீங்க," என்றேன்.

"அப்ப என்ன செய்றதுங்க?"

"நாமே போட்டுக்கலாம்."

உள்ளதெல்லாம் அழியும் என்று ஓர் எச்சரிக்கை. எல்லாப் படிவத்தின் கீழும் இப்படி ஒரு மிரட்டல் இருக்கும்; யார் படிக்கிறார்கள்? சீக்கிரம் முடிக்கும் வசதிக்கு இருந்த டிக்கையும் எடுத்துவிட்டேன். பணிக்காலத்தில் எதையும் நான் சீக்கிரம் முடித்ததில்லை.

பச்சைக் கோடு ஊர்ந்தது. சம்பந்தி சாப்பிட்டார், தூங்கினார், எழுந்தார். சாயங்காலம் கோடு முடிந்தது. திறந்தேன். வெள்ளை வெளேர்.

"கல்யாணம் எங்கங்க?" என்றார் சம்பந்தி.

மறுநாள் நாகப்பட்டினத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினோம். அவசரமாகப் பண்ணியிருந்தால் மீட்டிருக்கலாம், நீங்கள் ரொம்ப முழுசாகப் பண்ணியிருக்கிறீர்கள் என்றார் கடைக்காரர். பணியில் எனக்குக் கிடைக்காத பாராட்டு.

மகளிடம் போனில் சொன்னேன்.

"தாலி கட்டுற போட்டோவுமாப்பா?"

உறவுக்காரர்களின் போன்களைத் துழாவினோம். எல்லாரும் பந்தியைத்தான் படமெடுத்திருந்தார்கள். தாலி கட்டும் நேரத்தில் என் சகலை எடுத்த ஒரே ஒரு படம் கிடைத்தது. மாப்பிள்ளை குனிகிறார், மகள் சிரிக்கிறாள். தாலி இருக்க வேண்டிய இடத்தில், அட்சதை போட நீண்ட ஒரு முழங்கை.

அதைத்தான் பெரிதாக்கிச் சம்பந்தி கூடத்தில் மாட்டியிருக்கிறார். புதிதாக வருகிறவர்களிடம் அவரே விளக்குகிறார்:

"பொண்ணோட அப்பா கைங்க அது. இப்பல்லாம் எங்க வீட்ல அவரை சுவிட்சைக்கூடத் தொட விடறதில்லை."