வெல்டர் பெண்டாட்டியின் தோள் வலி

வயிற்றில் ஆபரேஷன் செய்தால் தோள் ஏன் வலிக்க வேண்டும் என்பதுதான் வெல்டருக்குப் பிடிபடவில்லை. அவர் மனைவி வலது தோளைப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். காலையில்தான் பித்தப்பையை எடுத்திருந்தார்கள். நாலு சின்ன ஓட்டை, அவ்வளவுதான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் இதே டாக்டர் இதே நாலு ஓட்டைதான் அவருக்கும் போட்டார். அன்று சாயங்காலமே எழுந்து வராந்தாவில் நடந்த மனுஷன் அவர். பட்டறைக்கு வந்தவன் போனவனுக்கெல்லாம் சட்டையைத் தூக்கிக் காட்டி அந்தக் கதையைச் சொல்லியாகிவிட்டது.

நேற்று மயக்க டாக்டர், வலியும் வாந்தியும் குறைய ஒரே ஒரு ஸ்டீராய்டு ஊசி சேர்த்துப் போடலாம் என்றார். வெல்டர் குறுக்கே விழுந்தார். வருஷக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரையைத் தின்று பக்கத்துப் பட்டறை டிங்கர்காரன் முகம் டயர் டியூபாக ஊதிப்போனதைக் கண்ணால் பார்த்தவர். அது வேறு, இந்த ஒற்றை ஊசி வேறு என்று டாக்டர் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. டாக்டர் அவர் மனைவியிடமே கேட்டார். அவள் வெல்டரை ஒருமுறை பார்த்துவிட்டு, "எனக்கு வேண்டாம் சார்" என்றாள்.

இப்போது முனகுகிறாள்.

முதலில் வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்தார். தையல் மேலே வைக்கிறாரே என்று, அன்று அவரையும் பார்த்துக்கொண்ட அதே நர்ஸ் ஓடிவந்து பிடுங்கினாள். ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் ஊதின காற்றுதான் தோளில் இழுக்கிறது என்றாள். காது குத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

தெம்பு வரட்டும் என்று ஒரு டம்ளர் பால் வாங்கிவந்து குடிக்க வைத்தார். மொத்தமும் வெளியே வந்தது. ஒவ்வொரு ஓங்கரிப்புக்கும் நாலு தையலும் சுண்டி இழுத்தன. அவள் கண்ணோரம் நனைந்தது.

"நடந்தா சரியாயிடும். நான் நடக்கல?" என்று கையைப் பிடித்து எழுப்பினார். நாலு அடியில் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னை விட்டுடுங்களேன்" என்றாள். அவளைக் கட்டிலில் சாய்த்துவிட்டு, பயத்தையெல்லாம் கோபமாக்கி நர்ஸ் மேல் கொட்டினார்.

"எதையோ தப்பா வெட்டிட்டு மறைக்கிறீங்க. ஒரு ஸ்டீராய்டும் இல்லாம நான் அன்னிக்கே நடந்தேன். இவளுக்கு மட்டும் ஏன் இப்படி?"

மனைவி சுவரைப் பார்த்தபடியே, "சிஸ்டர், வேணாம்" என்றாள்.

நர்ஸ் வெல்டர் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு ஊசி பேரையே காதுல வாங்காம, 'எதை வேணா போடுங்க, வலிக்க மட்டும் கூடாது'ன்னு அழுதீங்களே ஐயா, அப்ப உங்களுக்குப் போட்டது இதே ஸ்டீராய்டுதான், பேச்சு வளர்ந்தா டாக்டர் அதைச் சொல்லிடுவாரு, உங்களுக்குத் தெரிஞ்சிடக்கூடாதுன்னுதான் அம்மா நேத்து தனக்கு வேண்டாம்னுட்டாங்க."