புகைபோக்கியின் கீழே உட்கார்ந்தவள் எழுதுவது

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

நீங்களும் உங்கள் வீட்டாரும் உங்கள் அச்சு இயந்திரமும் நலமாக இருக்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் என் வீட்டில் படிப்புக்குக் குறைவில்லை. மூத்த பேத்தி பல் டாக்டர். அவள் பிடுங்கிய பல் வலிக்கிறது என்று இதுவரை ஒருவரும் திரும்பி வந்ததில்லை. இளையவள் வங்கியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கிறாள். நானே கதவைத் தட்டிவிட்டுத்தான் போக வேண்டும். கடைக்குட்டி நீச்சலில் கோப்பை வாங்கியவன். கூட நீந்திய மற்ற இரண்டு பேர் பாதியிலேயே கரையேறிவிட்டது அவன் குற்றமில்லை. நடுப் பேரன் என்ஜினியர். பழைய நூல் ஆலையை இடித்து அடுக்குமாடி கட்டும் கம்பெனியில், அந்தப் பெரிய புகைபோக்கியைத் தரைமட்டமாக்கும் பொறுப்பை இந்த வயதிலேயே அவனை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். அவனைத்தான் நேற்று நீங்கள் முதல் பக்கத்தில் “மூதாட்டியை இழுத்துத் தள்ளும் அதிகாரி” என்று போட்டிருக்கிறீர்கள். மூதாட்டி நான்தான்.

நடந்தது இதுதான். இடிக்குமுன் ஊர் ஜனம் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை ஆலையைத் திறந்துவிட்டார்கள், பேரன் சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே மறந்துவிட்டான், கொடுத்துவிட்டு வரலாம் என்று போனேன், நூற்புக் கூடத்தில் கூரை இல்லை, மிஷின் இருந்த இடத்தில் புறா, நடந்து நடந்து முட்டி விட்டுப்போய்ப் புகைபோக்கியின் அடியில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தேன், வெயில் மண்டையைப் பிளந்தது, யாரோ ஒரு பெண் “இதைப் பிடிச்சுக்கறீங்களாம்மா?” என்று ஓர் அட்டையைக் கொடுத்தாள், மகராசி என்று நிழலுக்குப் பிடித்துக்கொண்டேன். என் பக்கம் வெறும் அட்டைதான் இருந்தது. வெளிப்பக்கம் “என்னை இடித்துவிட்டு இதை இடி” என்று எழுதியிருந்தது உங்கள் பத்திரிகையைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும்.

பேரன் ஓடிவந்தான். “பாட்டி, எந்திரிங்க, மானம் போவுது.”

“முட்டி மடங்கிப்போச்சுடா. இப்ப எந்திரிக்க முடியாது.”

“எந்திரிக்க மாட்டாங்களாம்!” என்று பின்னாலிருந்து ஒருத்தர் கத்தினார். எல்லாரும் கை தட்டினார்கள். அவன் கை கொடுத்துத் தூக்கிய நேரம் பார்த்து உங்கள் ஆள் படமெடுத்துவிட்டார்.

“இதைப் பாத்தா என்னம்மா தோணுது?” என்று புகைபோக்கியைக் காட்டிக் கேட்கவும் செய்தார். கேட்டதற்குச் சொன்னேன். என் வீட்டுக்காரர் அங்கே பாய்லருக்குக் கரி தள்ளியவர். காலையில் எனக்கும் அவருக்கும் வாய்த்தகராறு வந்தால் கோபத்தில் அள்ளி அள்ளிப் போடுவார், புகை கன்னங்கரேலென்று கிளம்பும், “இன்னிக்கும் சண்டையாக்கா?” என்று தெருவே கேட்கும், வெள்ளையாக வந்தால் சமாதானம், நானும் அடுப்பைப் பற்றவைப்பேன். இதை நீங்கள் “உழைப்பின் மூச்சுக்காற்று என்று கண்ணீர் மல்கக் கூறினார்” என்று போட்டிருக்கிறீர்கள். கண்ணில் விழுந்தது புறா இறகு.

இப்போது கம்பெனியில் அவனிடம் விளக்கம் கேட்கிறார்கள், வேலையே போய்விடும் போலிருக்கிறது, பிள்ளை நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. புகைபோக்கியை இடிப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவன் தள்ளவில்லை, தூக்கினான் என்று அதே முதல் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போட வேண்டும்.

உங்கள் பத்திரிகையும், அதைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களும், எங்களிடம் இரவல் வாங்கிப் படிக்கிற பக்கத்து வீட்டாரும் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தள்ளப்படாத பாட்டி

பி.கு.: உறையில் போடுமுன் பேரனிடம் வாசித்துக் காட்டினேன். வேலை போகவில்லையாம். ஊரே சத்தம் போடுவதால், புகைபோக்கியை இடிக்காமல் விட்டுச் சுற்றிலும் வீடு கட்டலாமா என்று பெரிய முதலாளியே கேட்டாராம்.

“அதை நான் ஆரம்பத்துலயே சொன்னேன் பாட்டி, யாரும் காதுல வாங்கல. இன்னும் முடிவாகல. நாளைக்கும் போய் உக்காருங்க.”

“நீ என்னடா பண்ணுவே?”

“நான் வந்து இழுக்கறேன்.”

ஆகவே மேலே எழுதிய எதையும் போட வேண்டாம். தபாலில் போட்டால் பிந்தும் என்று கடைக்குட்டி கையில் கொடுத்தனுப்புகிறேன். நாளை வெயில் ஏறுமுன் நான் அங்கே இருப்பேன், அட்டையும் கையில் இருக்கும். போன படத்தில் அவனுக்குப் பாதி முகம்தான் விழுந்திருக்கிறது, நான் கண்ணை மூடியிருக்கிறேன். படமெடுப்பவரை அனுப்பிப் புதிதாக ஒன்று எடுத்துப் போடவும். இந்தத் தடவை இன்னும் பலமாக இழுப்பதாகச் சொல்லியிருக்கிறான்.