அமைதிக்காக ஓர் உஷ்

சபைகளில் உலவும் ஓர் இனம் உண்டு. கண்ணில் படுவதற்கு முன்பே காதில் பட்டுவிடும். 'உஷ்'காரர்கள். மற்றவர்கள் சத்தம் போடக் கூடாது என்பதற்காகக் கூடத்திலேயே அதிகச் சத்தம் போடுகிறவர்கள். இசை கேட்கவா வருகிறார்கள்? கேட்காதவர்களைப் பிடிக்க வருகிறார்கள்.

நம்முடைய பல் டாக்டர் அந்த இனத்தின் அசல் வித்து. பகலெல்லாம் பிறர் வாயைத் திறக்கவைத்தே பிழைப்பவருக்கு, மாலையானால் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. போரை நிறுத்தச் சொல்லும் சங்கம் ஒன்று நூலக மாடியில் கச்சேரி வைத்தது: இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ, மேடை என்று சொல்லிக்கொள்ள ஒரு கம்பளம். ஏற்பாடு டாக்டரின் மனைவி. சங்கத்துக்குள்ளேயே ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத மூன்று குழுக்களைக் கெஞ்சிக் கூத்தாடி ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்திருந்தார்.

"இன்னைக்கு மட்டும் யாரையும் எதுவும் சொல்லிடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நானா? வாயே திறக்க மாட்டேன்."

உண்மைதான். உஷ்ஷுக்கு எதற்கு வாய்? பல்லிடுக்கு போதாதா?

செல்லோ மெல்ல முனகத் தொடங்கியது. பக்கத்து நாற்காலி அம்மாள், இருமல் வந்துவிடுமோ என்று பயந்து மிட்டாய்த் தாளைப் பிரித்தார். "உஷ்!" அவர் வெலவெலத்துப்போய் இன்னும் மெதுவாகப் பிரித்தார், சத்தம் இன்னும் நீளமாக வந்தது. "உஷ்ஷ்!" பின்னாலிருந்த தபால்காரர், "விடுங்க சார், பாவம்" என்றார். அவருக்கும் ஒன்று. உடனே தபால்காரருக்காக அவர் குழு உஷ்ஷியது, அதை அடக்க இன்னொரு குழு உஷ்ஷியது, நடுநிலை வகித்த மூன்றாவது குழு இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி உஷ்ஷியது. போரை எதிர்க்க வந்த கூடம், நூறு சைக்கிள் டியூபில் ஒரே நேரத்தில் காற்றுப் பிடுங்கியதுபோலச் சீறியது.

வில்கள் நின்றன. மனைவி தலையில் கை வைத்துக்கொண்டார். செல்லோக்காரப் பெண் டாக்டரைப் பார்த்தாள்.

"சார், ஒவ்வொரு தடவையும் அரைத் தாளம் முந்திடுறீங்க. மொதல்லேர்ந்து போலாமா?"

கூடம் குலுங்கிச் சிரித்தது. மூன்று குழுக்களும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தது அன்றுதான் முதல் தடவை. டாக்டருக்கோ தொண்டை வறண்டுபோயிற்று. இசை மறுபடி எழுந்து, மிக மெல்லிய இடத்துக்கு வந்தபோது, அவருக்கு இருமல் வந்தது. அடக்கினார். முகம் சிவந்தது, கண் பிதுங்கியது, பிறகு நாற்காலியோடு வெடித்தார்.

ஓர் உஷ்ஷும் வரவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

அம்மாள் கையை நீட்டினார். "போட்டுக்கங்க. தாளைப் பிரிச்சாச்சு."

வாயில் போட்டுக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து முதன்முறையாக ஒரு கச்சேரியைக் கடைசிவரை கேட்டார் டாக்டர்.

சிரிக்கிறீர்களா? சற்றுமுன் நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது, அடுத்த அறையில் யாரோ நாற்காலியை இழுத்தார்களே, அப்போது உங்கள் உதடு குவிந்ததை நான் கவனிக்கவில்லை என்றா நினைத்தீர்கள்?