அருந்தவனின் முதல் ஓடர்

புலம்பெயர்ந்த நம்மவர்களுக்குள் ஓர் இனம் பல்கிப் பெருகி வருகிறது. வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடையில் ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் இரண்டு பேரையாவது காணலாம். தோளில் லப்டொப் பை, கண்ணில் நித்திரையின்மை, முகத்தில் உலகத்தையே மன்னித்துவிட்ட ஒரு சிரிப்பு. என்ன செய்கிறீர்கள் என்று தப்பித்தவறிக் கேட்டுவிட்டால் "சொந்தமா ஒண்டு தொடங்கியிருக்கிறன்" என்பார். அது என்னவென்று கேட்டால் இடமும் வலமும் பார்த்து, "இப்ப சொல்லேலாது" என்பார். இவருக்குப் பெயர் ஃபவுண்டர். கம்பனி இருக்கிறதா என்பது வேறு கதை.

அருந்தவனை எடுத்துக்கொள்ளுங்கள். பரமட்டாவில் ஓர் அலுவலகத்தில் பதினொரு வருடம் கணினி வேலை. போன வருடம் சம்பளமில்லாத லீவு எடுத்துக்கொண்டு ஃபவுண்டர் ஆனார். அந்த ஒரு வருடத்தில் மனிதர் சும்மா இருக்கவில்லை. கம்பனிக்குப் பெயர் தேட இரண்டு மாதம், அந்தப் பெயருக்கு எண்சாத்திரம் பார்க்க மூன்று கிழமை, லோகோ பச்சையா நீலமா என்று மனைவி தாட்சாயினியையும் மச்சானையும், வாயைத் திறந்தபடி கிடந்துகொண்டே பல் மருத்துவரையும் கேட்டுத் தீர்மானிக்க இன்னும் ஒரு மாதம், பிறகு ஐந்நூறு விசிட்டிங் கார்ட், அதில் இவருக்கே இரண்டு பதவி. விடிய எழும்பியதும் தோல்வியைக் கொண்டாடச் சொல்லும் ஒலிபரப்பு ஒன்றைப் பயபக்தியோடு கேட்பார். தோற்பதற்குக்கூட இன்னும் ஒன்றும் செய்யவில்லையே என்பது அவருக்கு உறைக்கவில்லை.

சரி, அப்படி என்னதான் இரகசியம்? பிறந்தநாளுக்கும் பெண்பிள்ளைகளின் சாமத்தியவீட்டுக்கும் ரோல்ஸ், பற்றிஸ் என்று சிற்றுண்டி செய்து கொடுக்கும் வீட்டு அன்ரிமாரையும், அவற்றுக்காக அலைகிறவர்களையும் ஒரு செயலியில் சேர்த்து வைப்பது. அவ்வளவுதான். கெட்ட யோசனை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வெளியே சொன்னால் கெட்டிக்காரன் களவெடுப்பான், மற்றவன் கண்ணூறு வைப்பான் என்று அருந்தவனுக்கு இரட்டைப் பயம். ஆகவே விசயத்தைக் கேட்க விரும்பும் எவரும் முதலில் ஒரு தாளில் கையெழுத்து வைக்க வேண்டும். மெரிலேண்ட்ஸில் இருபது வருடமாக ரோல்ஸ் சுற்றும் இராஜேஸ்வரி அன்ரிக்கும் அதே சட்டம்தான்.

"என்னத்துக்குத் தம்பி கையெழுத்து?"

"நான் சொல்லப்போறதை நீங்கள் வெளியில சொல்லக்கூடாது அன்ரி."

"ரோல்ஸ் விசயமோ?"

"அதைக் கையெழுத்து வைச்சாப் பிறகுதான் சொல்லலாம்."

பாவம் பெடியன் என்று அன்ரி வைத்துக் கொடுத்தார். ஆனால் ஒன்று சொன்னார். "ஆரெண்டு தெரியாமல் நான் ஓடர் எடுக்கிறேல்லை தம்பி. ஆற்றை வீடெண்டு பாத்துத்தான் உறைப்புப் போடுறனான்." அதைக் கேட்க அருந்தவனின் செயலியில் இடமில்லை. அடுத்த வேர்ஷனில் வரும் என்றார். ஃபவுண்டருக்கு விளங்காததெல்லாம் அடுத்த வேர்ஷனில்தான் வரும்.

நல்லநேரம் பார்த்துத் தேங்காய் உடைத்துச் செயலியைத் திறந்துவைத்தார். தமிழ்க் கடைகளில் நோட்டீஸ் ஒட்டினார்: 'உங்கள் வாழ்க்கையை மாற்ற வந்துவிட்டது'. என்ன வந்துவிட்டது? அதை எழுதினால் களவெடுத்துவிடுவார்களே. இரண்டு மாதத்தில் மூன்று பேர் கூப்பிட்டார்கள். ஒருவர் மகளுக்கு மாப்பிள்ளை கேட்டார். ஒருவர் முழங்கால் நோவுக்கு எண்ணெயா என்று கேட்டார். மற்றது ரோங் நம்பர்.

இதற்குள் லீவு முடிந்துவிட்டது. வேலைக்குத் திரும்புகிறீர்களா இல்லையா, வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் சொல்லுங்கள் என்று அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் கூடுதல் ஷிப்ட் செய்து வீட்டை இழுத்துக்கொண்டிருந்த தாட்சாயினி அதை இரண்டு தரம் வாசித்தார்.

"எங்கட சொந்தம் இல்லாத ஒரு மனிசர், ஒரே ஒரு ஓடர். வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தால் நான் இனி வாயே திறக்கமாட்டன். வராட்டில் நீங்கள் வேலைக்குப் போறீங்கள்."

"ஓம்" என்றார் அருந்தவன்.

வெள்ளி பிற்பகல் மூன்று மணிக்குப் போன் அடித்தது. பழைய அலுவலகத் தோழர் சுதர்சன், கோயம்புத்தூர்க்காரர்.

"என்னங்க, ரோல்ஸ் பிசினஸ் பண்றீங்களாமே. எப்பவும் போல அந்த மெரிலேண்ட்ஸ் ஆன்ட்டிக்குத்தான் போன் பண்ணேன். அருந்தவன் ஆப்ல போடுங்கன்னாங்க. ஆப்பைத் தேடித் தேடிப் பாத்தேன், கிடைக்கல."

அன்ரி ஒப்பந்தத்தை மீறிவிட்டார் என்றுதான் அருந்தவனுக்கு முதலில் கோபம் வந்தது. வழக்குப் போடலாமா என்றுகூட யோசித்தார். பிறகுதான் இது ஓடர் என்று விளங்கியது.

"எத்தனை வேணும்?"

"நூறு. திங்கக்கிழமை காலைல. புதுசா பிரதீப்குமார்னு ஒருத்தர் ஜாயின் பண்றார், அவருக்கு வரவேற்பு டீ."

"எந்த இடத்துக்கு?"

சுதர்சன் குரலைத் தணித்தார். "உங்க இடத்துக்குத்தாங்க. நீங்க பதிலே போடல, வரமாட்டீங்கன்னு ஏற்பாடு பண்ணிட்டாங்க. அஞ்சு மணிக்குள்ள ஒரு மெயில் போட்டீங்கன்னா இப்பவும் இடம் உங்களுதுதான். அவரை வேற டீமுக்கு அனுப்பிருவாங்க. அப்ப டீயும் இல்ல, ரோல்ஸும் இல்ல."

பார்த்தீர்களா? வேலைக்குப் போனால் ஓடர் இல்லை. ஓடரை எடுத்தால் வேலை இல்லை. சோறு தின்கிற எவனும் இந்த இடத்தில் உடனே அந்த மெயிலை எழுதப் போயிருப்பான்.

"நூறும் மட்டனோ, மரக்கறியும் வேணுமோ?" என்று கேட்டார் அருந்தவன்.

தாட்சாயினி வீடு வந்தபோது மணி ஆறு. அவரைக் கதிரையில் இருக்கக்கூட விடாமல் அருந்தவன், "ஓடர் வந்திட்டுது, சொந்தக்காரர் இல்லை, பெரிய கம்பனி" என்றார். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தார். அதைச் சொல்ல எனக்கே வயிறெரிகிறது.

"ஆற்றை விசேசமாம்?"

"வேலைக்கு வாற புது ஆளுக்கு."

"எங்க?"

அருந்தவன் சொன்னார். பெருமையாகவே சொன்னார். 'எங்கள் முதல் நிறுவன வாடிக்கையாளர்' என்று இணையத்தில் போட்டு நாற்பத்தொரு பேர் பாராட்டியிருந்ததையும் போனை நீட்டிக் காட்டினார்.

தாட்சாயினி கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். அவரிடம் ஒரு சொல் சொல்லவில்லை. தன்னுடைய போனை எடுத்து, ஆஸ்பத்திரியில் ஷிப்ட் போடுகிறவரைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை தொடங்கி இரவு ஷிப்டும் தரமுடியுமா என்று கேட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லாகச் சிரியுங்கள். ஆனால் வாசித்துக்கொண்டு வரும்போதே, 'இவன்ர யோசனை மொக்கு யோசனை, என்னுடையது அப்படியில்லை' என்று உங்களுக்குள் ஒன்று முணுமுணுத்ததா இல்லையா? முணுமுணுத்திருந்தால் அந்த யோசனையை என்னிடம் சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டில் இரவு ஷிப்டுக்குப் போகப்போவது யார் என்பதை மட்டும் இன்றைக்கே கேட்டு வையுங்கள்.