வரைபடத்தில் வந்து உட்கார்ந்த வாத்து

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மச்சான் எழுதிக்கொள்வது.

இங்கு அனைவரும் நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். பாப்பாவுக்கு நேற்றிலிருந்து வயிறு சரியில்லை என்று தங்கை சொன்னாள். பல் முளைக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். என் தங்கையைக் கட்டியவர் என்பதால் இதுவரை மரியாதையாக எழுதிவிட்டேன். இனி அது எவ்வளவு தூரம் தாங்கும் என்று எனக்கே தெரியாது.

என்னைப் போன்ற தொற்றுநோய் ஆராய்ச்சிக்காரர்கள் எல்லோரும் தங்கள் தகவல்களை ஒரே இடத்தில் ஏற்றி, இணையத்திலேயே சேர்ந்து அலசிப் பார்க்க உங்கள் கம்பெனி ஒரு தளம் கட்டியது. கட்டிவிட்டுப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவும்போது, "மச்சான், உங்க பேதி அட்டவணைய நீங்களே பூட்டி வச்சு என்ன பண்ணப் போறீங்க? ஏத்துங்க, நாலு பேர் பாக்கட்டும்" என்றீர்கள். ஏற்றினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். முதல் நாளே ஒருத்தர் என் மஞ்சள் கட்டங்களைப் பச்சையாக்கினார். இன்னொருத்தர் வயது வரிசையை இடம் மாற்றினார். பொறுத்துக்கொண்டேன். அப்புறம் வந்தது அந்த வாத்து. பெயர் சொல்லாமல் உள்ளே வருகிறவர்களுக்கு உங்கள் தளம் ஆளுக்கொரு பிராணிப் படம் ஒட்டிவிடுகிறதாமே, அதில் ஒன்று. ஆணா பெண்ணா, எந்த நாடு, ஒன்றும் தெரியாது. நான் எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் பின்னாலேயே வந்து நிற்கிறது.

அந்த அட்டவணையை வைத்து நான் போட்ட ஊர் வரைபடத்தில் பேதி நோயாளிகள் அத்தனை பேரும் எங்கள் ஆஸ்பத்திரிக்குள்ளேயே சிவப்புப் புள்ளிகளாகக் குவிந்திருந்தார்கள். பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது: கேன்டீன்! டைரக்டர் அம்மாவிடம் சொல்லி அன்றைக்கே இழுத்து மூட வைத்தேன். கேன்டீன்காரர் ஆய்வகத்து வாசலுக்கே வந்து, "சார், என் வயித்துல அடிச்சிட்டீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா?" என்று கத்தினார். அறிவியல் தெரியாதவரிடம் என்னத்தைப் பேசுவது? கதவைச் சாத்திக்கொண்டேன்.

இன்று காலை கூட்டத்தில் பெரிய திரையில் அதே வரைபடத்தைப் போட்டால், ஆஸ்பத்திரியில் பேருக்குக்கூட ஒரு புள்ளி இல்லை. என் நோயாளிகளையெல்லாம் வாத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது! ஓரத்தில் குறிப்பு வேறு: "நோயாளி படுத்திருக்கும் இடத்தைப் போட்டிருக்கிறீர்கள். நோய் வந்த இடம் எங்கே? அட்டவணையில் அவரவர் வீட்டுத் தெருப்பெயரைப் பார்த்து மாற்றியிருக்கிறேன்." டைரக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "யாருங்க இந்த வாத்து?" என்றார். அறையே சிரித்தது. மானம் போச்சு மாப்பிள்ளை! இத்தனை வருஷ சர்வீஸ், ஒரு வாத்து வந்து எனக்குப் பாடம் நடத்துது! உங்களுக்குப் போன் பண்ணிக் கத்தினா என்ன சொன்னீங்க? "பகிர்ந்துக்கிறதுன்னா அப்படித்தான் மச்சான்"னு சொல்லிட்டு வச்சிட்டீங்க. என் பல் தேய்க்கிற பிரஷ்ஷையும் பகிர்ந்துக்கட்டுமா? நாளைக்குள்ள என் புள்ளிங்க எல்லாம் பழையபடி ஆஸ்பத்திரிக்கு வந்து சேரணும். வாத்தைத் தூக்கணும். என் கணக்கை மூடணும். இல்லேன்னா இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காதீங்க, தங்கச்சி மட்டும் வரட்டும்.

தங்கைக்கும் பாப்பாவுக்கும் என் ஆசிகள். உங்களுக்கும் உண்டு, கோபம் தணிந்ததும் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
மச்சான்

பி.கு.: வாத்து பண்ணிய அட்டூழியத்துக்கு ஆதாரமாக இணைக்கலாமென்று வரைபடத்தை இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். புள்ளிகளெல்லாம் ஒரே தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கின்றன. தொட்டி உங்கள் தெருமுனையில் இருக்கிறது. போன் அடித்தேன், காலையில் திட்டியதால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், தங்கையும் எடுக்கவில்லை. இந்த மின்னஞ்சலையாவது திறந்து பாருங்கள். கேன்டீன்காரர் காலில் நான் அப்புறம் விழுந்துகொள்கிறேன். கணக்கை மூடாதீர்கள். வாத்தைத் தொடாதீர்கள். கொதிக்க வைக்காத தண்ணீரை யாரும் வாயில் வைக்காதீர்கள். வண்டியை எடுத்துக்கொண்டு இதோ கிளம்புகிறேன், பாப்பாவைத் தயாராக வையுங்கள். அது பல் இல்லை மாப்பிள்ளை.