எதிரி இறங்கிய பஸ்

முகநூலில் சண்டை போடுவதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. எதிரி பஸ் ஏறி வர மாட்டான். இந்த ஒரே நம்பிக்கையில்தான் நாட்டில் பாதிப் பேர் அரசியல் பேசுகிறார்கள். நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் ஒரு பை திராட்சையோடு, என் எதிரி பதுளை பஸ்ஸிலிருந்து இறங்கினார்.

அப்போது நான் பண்டாரவளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். பகலெல்லாம் வாடிக்கையாளரிடம் 'சரிங்க, ஆமாங்க' என்று ஆணியும் பெயின்டும் விற்பவன், வீடு திரும்பும் பஸ்ஸில் போனைத் திறந்ததும் வேறு ஆளாகிவிடுவேன். அங்கே என் பெயர் 'கவ்வாத்துக் கத்தி'. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கத்தியின் படம்தான் முகப்பில் இருக்கும். (அந்தக் கத்தியை நான் வாழ்க்கையில் பிடித்ததில்லை. படம் எடுத்தபோதுகூடச் சித்தப்பாதான் பிடித்திருந்தார்.) தேர்தல், பெற்றோல் விலை, சம்பள உயர்வு, கிரிக்கெட் என்று எதைப் பற்றியும் என்னிடம் சுடச்சுட ஒரு கருத்து இருந்தது.

நமுனுகுலப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் பழைய வரிசை வீடுகளான லயத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி, தனி வீடுகள் கட்டிக் கொடுத்திருந்தார்கள். எங்களுக்கும் ஒன்று கிடைத்தது. நல்ல வீடு. சமையலறையில் நான் கடையிலிருந்து கொண்டுவந்து பூட்டிய குழாய் இருக்கிறதே, அந்தப் பளபளப்பு துரை பங்களாவில்கூட இருக்காது. ஒரே குறை, அதில் தண்ணீர் வராது. லைன் இன்னும் போடவில்லை. என் மனைவி வசந்தி தினமும் பழைய லயத்துக்கு மேலே ஏறிப்போய், பாறை இடுக்கிலிருந்து பீலியில் விழும் தண்ணீரைக் கேனில் பிடித்துக்கொண்டு இறங்கி வருவாள். அந்த ஏற்றத்துக்குப் பயந்தே பல குடும்பங்கள் புது வீட்டைப் பூட்டிவிட்டு லயத்திலேயே இருந்தன.

இந்த நிலைமையில்தான் 'உண்மைக் கழுகு' என்று ஒருவர், வீட்டுத் திட்டம் பற்றிய ஒரு செய்தியின் கீழே, 'தோட்டத்துச் சனத்துக்கு வீடு கட்டிக் குடுத்தாலும் லயத்தை விட்டு வரமாட்டினம். பழகிப் போச்சு' என்று எழுதியிருந்தார். வாசித்ததும் எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. 'தண்ணி இல்லாத வீட்டில நீ இருப்பியா?' என்று கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் முன்பின் தெரியாத ஒருவனிடம் போய் எங்கள் வீட்டில் தண்ணீர் இல்லை என்று சொல்வதா? மானம் என்ன ஆவது? ஆகவே இப்படி எழுதினேன்:

'டேய் கழுகு, நான் தனி வீட்டுலதான் இருக்கேன். கொழாயத் தொறந்தா தண்ணி கொட்டுது. ஒன் வீட்டுல கொட்டுமா? தைரியம் இருந்தா வந்து பாரு.'

லைக் குவிந்தது. கழுகு ஒரே ஒரு கேள்வி கேட்டது: 'எந்த இடம்?'

இங்கேதான் என் பிறவிக் குணம் காலை வாரியது. எங்கள் பக்கம் யாராவது வழி கேட்டால், கேட்டவர் யாராக இருந்தாலும் ஒழுங்காகச் சொல்லி அனுப்பாவிட்டால் எங்களுக்குத் தூக்கம் வராது. பதுளையில் எந்த பஸ்ஸில் ஏறுவது, எந்தக் கோயிலடியில் இறங்குவது, எந்த முடக்கில் திரும்புவது எல்லாம் விவரமாக எழுதினேன். எழுத எழுதக் கோபம் வடிந்துவிட்டது. 'முடக்குல வழுக்கும், பாத்து வாங்க. கடைசி பஸ் அஞ்சு மணிக்கு, விட்றாதீங்க' என்று முடித்திருந்தேன். 'டேய்' என்று தொடங்கிய சண்டை 'வாங்க' என்று முடிந்ததை நான் கவனிக்கவே இல்லை.

அந்த வாரமே வசந்தி சிவந்த முகத்தோடு வீட்டுக்கு வந்தாள். அவள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்பவள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போனதும் அவர்களுடைய குழந்தைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்வாள். ஒரே நேரத்தில் பத்துப் பிள்ளைகள் அழுதாலும் குரல் உயர்த்தாத பெண். அந்தத் தாய்மார்களைத் திரட்டிக்கொண்டு, தண்ணீர் லைன் கேட்டு மாதக்கணக்காக ஒரு அலுவலகத்துக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆபீசர் போன எடுத்துக் காட்டுறாருங்க. ஒங்க தோட்டத்து ஆளே தண்ணி கொட்டுதுன்னு போட்டிருக்காரு, பெறகு என்னத்துக்கு லைனுன்னு கேக்குறாரு. வழியெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கான். எவனோ கவ்வாத்துக் கத்தியாம். கையில மட்டும் கெடைச்சான்..."

"கெடைச்சா?"

"அவனையே கவ்வாத்து வெட்டிருவேன்."

நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன். (அன்று குழம்பில் உப்பே இல்லை. சொல்லவில்லை.)

ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால் பாதி லயம் திரண்டு வருகிறது. நடுவில் குடையும் திராட்சைப் பையுமாக ஒரு ஒல்லியான மனிதர். அவருக்கு முன்னால் சித்தப்பா. வந்தவர் லயத்தில் என் முகப்புப் படத்தைக் காட்டி, இவர் வீடு எது என்று கேட்டிருக்கிறார். யாருக்கும் தெரியவில்லை. சித்தப்பா மட்டும் படத்தில் இருந்த பெருவிரல் தழும்பைப் பார்த்துவிட்டு, "அட, இது எங் கையி! எங்க அண்ணன் மகன்தான் போட்டோ புடிச்சான்" என்று பெருமையோடு கூட்டி வந்துவிட்டார்.

"நீங்கள்தானோ கவ்வாத்துக் கத்தி? நான் ஜெகதீசன். கழுகு" என்றார் அவர். யாழ்ப்பாணத்துக்காரர், பதுளையில் வேறொரு அலுவலகத்தில் கிளார்க்.

வசந்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை.

"வாங்கண்ணே, உக்காருங்க" என்று அவருக்கு நாற்காலி போட்டாள். எனக்குப் போடவில்லை.

ஜெகதீசன் உட்காரவில்லை. "தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. குழாயைத் திறந்து காட்டினால் போதும். தண்ணி கொட்டினால் நான் எழுதினது பிழையெண்டு எல்லாருக்கும் தெரிய எழுதிப்போட்டுப் போறன்."

ஒட்டுமொத்தத் தோட்டத்தின் மானமும் இப்போது என் குழாயில் தொங்கியது. மனதுக்குள் எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டுத் திறந்தேன். 'புஸ்' என்று ஒரு சத்தம். ஒரு எறும்பு வந்தது. சற்றுப் பொறுத்து அதன் சொந்தக்காரர்கள் வந்தார்கள்.

வாசலில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலாம்.

"தேத்தண்ணி குடிப்பீங்களாண்ணே?" என்றாள் வசந்தி.

"ஓம், குடிப்பன்."

"அப்ப தண்ணி வேணுமே." இரண்டு கேனை எடுத்து அவர் கையில் ஒன்று, என் கையில் ஒன்று கொடுத்தாள். "ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. சண்ட போடாம போகணும்." காம்பராவில் பிள்ளைகளைக் கை கழுவ அனுப்பும் அதே குரல். நாங்கள் இருவரும் ஒருவர் பின் ஒருவராகப் போனோம்.

ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்கியது, எனக்கு அதைவிட அதிகம் வாங்கியது. பீலியடியில் வரிசையில் நின்ற பெண்கள், "கத்தி அண்ணே, ஒங்க வீட்டுலதான் கொட்டுதே, இங்க என்ன வேல?" என்று கேட்டு எங்களுக்கு இடம் விட்டார்கள். இறங்கும்போது அவர் வழுக்கினார். பிடிக்கப் போன நானும் வழுக்கினேன். இரண்டு அரசியல் விமர்சகர்களும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒருவர்மேல் ஒருவர் கிடந்தபோது, இரண்டு கேன்களும் எங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

மிஞ்சிய தண்ணீரில் வசந்தி தேத்தண்ணி போட்டாள். ஜெகதீசன் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதையேன் நீங்கள் எழுதேல்ல?"

"மானம் போயிருமேன்னு."

"எனக்கும் ஒண்டும் தெரியாதுதான். இவ்வளவு காலம் பதுளையில இருந்தும் ஒரு லயத்தையும் கிட்டப் பாத்ததில்லை. ஆரோ சொன்னதை எழுதினனான்." அங்கேயே நனைந்த சட்டையோடு போனை எடுத்து எழுதினார்: 'நான் எழுதினது பிழை. தண்ணி சுமந்து பாத்தனான்.' பெயரையும் முகத்தையும் மறைத்துக்கொண்டு அடித்துவிட்டு ஓடுகிற காலத்தில், தான் எழுதியது சரியா என்று பார்க்க பஸ் ஏறி வந்த ஒரே மனிதரை நான் அன்று பார்த்தேன். அவர்மேல் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

வசந்தி அதோடு விடவில்லை. அவள் மனதில் ஆபீசர் இருந்தார். அடுத்த நாள் எங்கள் இருவரையும் லீவு போட வைத்து, தாய்மார்களோடு அந்த அலுவலகத்துக்குக் கூட்டிப் போனாள். மேசைக்கு முன்னால் என்னை நிறுத்தி, "இதுதாங்க கவ்வாத்துக் கத்தி. என் வீட்டுக்காரரு. இவரு சொன்னாத்தானே நம்புவீங்க, கேளுங்க" என்றாள். வாயைத் திறந்தேன்.

"பொய்ங்க. தண்ணி வராது. எறும்புதான் வந்துச்சு."

"நான் சாட்சி" என்றார் ஜெகதீசன், முழங்கைச் சிராய்ப்பைத் தூக்கிக் காட்டி.

ஆபீசர் சிரித்துவிட்டார். பிறகு, ஒதுக்கி வைத்திருந்த கோரிக்கையைத் தேடி எடுத்தார். என் வாழ்க்கையிலேயே கேவலமான நிமிடம் அதுதான். ஆனால் பின்னால் நின்ற தாய்மார்களின் முகத்தைப் பார்த்தபோது, என் பெண்டாட்டி எவ்வளவு பெரிய ஆள் என்று நெஞ்சு நிமிர்ந்தது. மாதக்கணக்கில் அவள் சொன்ன உண்மையை நான் ஒரே வரியில் கெடுத்தேன். அவள் திட்டிக்கொண்டு நிற்காமல், அந்தப் பொய்யையே இழுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்துவிட்டாள்.

லைன் வர இன்னும் ஒரு மழைக்காலம் போனது. வந்துவிட்டது. பூட்டிக் கிடந்த வீடுகளும் திறந்துவிட்டன. ஊரில் என் சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை, 'கத்தி' என்றால்தான் தெரியும். ஜெகதீசன் இன்றும் திராட்சையோடு வருகிறார். வந்ததும் நேரே சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்த்து, மூடிவிட்டுத்தான் சுகம் விசாரிப்பார்.

நானும் இன்னும் எழுதுகிறேன், சொந்தப் பெயரில். ஆனால் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு போனைத் தட்டத் தொடங்கினால், அடுப்படியிலிருந்து வசந்தியின் குரல் வரும்:

"என்னங்க, அரிசி கூடப் போடவா?"

முன்பின் தெரியாத அந்த ஆள் நாளைக்கே வாசலில் வந்து நிற்பதாக ஒரு நிமிடம் நினைத்துப் பார்ப்பேன். பெரும்பாலும் "வேணாம்" என்று சொல்லிவிட்டு அழித்துவிடுவேன். ஜெகதீசன் வருகிற ஞாயிறுகளில் மட்டும் அவள் கேட்பதில்லை, போட்டுவிடுகிறாள்.